கடல்மட்டத்துக் காற்று

தண்ணீர் அறையின் குளிருக்கு இறங்க இன்னும் இருபது நிமிடமாவது ஆகும். நேற்றே வந்து தொட்டியை நிரப்பி வைத்திருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை, அதனால் இன்றைக்கு ஆறு மணிக்கே வந்து மாடித் தொட்டித் தண்ணீரைக் குழாயில் விட்டு இந்தக் கண்ணாடிப் பெட்டியை நிரப்பி, வெப்பமானியைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தேழு புள்ளி நான்கு. இருபத்தேழு புள்ளி மூன்று. சூடு குறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பால் பொங்குவதைப் பார்ப்பது மாதிரிதான், பார்த்தால் நடக்காது. புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கிற மெஷின் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறது. எட்டு மணிக்கு முதல் நோயாளி, அதற்குள் மாதாந்திர அளவை முடித்தாக வேண்டும். தண்ணீருக்குள் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் சேம்பர் இருக்கிறது, விரல்நுனி அளவுக் குழி, அதற்குள் கொஞ்சம் காற்று, அவ்வளவுதான் அது. கதிர் பாயும்போது அந்தக் காற்றில் எவ்வளவு மின்னூட்டம் உண்டாகிறது என்று பார்த்து, இந்த மெஷின் மனுஷ உடம்புக்குள் எவ்வளவு கொடுக்கும் என்று சொல்ல வேண்டும். பதினேழு வருஷமாக இதுதான் வேலை. டாக்டர் எவ்வளவு என்று எழுதுவார், தவமணி நோயாளியைப் படுக்கவைத்துப் பட்டனை அழுத்துவான், எழுதினதும் போய்ச் சேர்ந்ததும் ஒன்றுதானா என்று பார்க்கிறவள் நான். நோயாளிகளுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவர்களை முகமாகத் தெரியாது, நம்பராகவும் படமாகவும் தெரியும், யாருடைய முதுகெலும்பு எங்கே வளைந்திருக்கிறது, யாருக்கு ஒரு கிட்னி சின்னது என்று தெரியும். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஒருவரைப் பார்த்து, இந்தத் தாடையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன், தோலும் சதையும் இல்லாமல் பார்த்த தாடை. இருபத்தாறு. போதும், இனி அசையாது என்று தோன்றுகிறது, இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம். காற்றழுத்தமானியைச் சரிபார்க்கச் சென்னைக்கு அனுப்பியிருந்தேன், சனிக்கிழமை கூரியரில் திரும்பி வந்தது, தெர்மாகோல் தூள் இன்னும் அதன் மூலையில் ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். எடுத்த கையோடு எண்ணையும் குறித்துக்கொண்டேன். தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது.

மூன்று முறை கதிரை ஓடவிட்டேன். மூன்று முறையும் ஒரே எண், கடைசி இலக்கம் மட்டும் ஆடியது. கணக்குப் போட்டேன். மூன்று புள்ளி ஒன்று சதவீதம் கூட. இரண்டு வரைக்கும் பொறுக்கலாம், மூன்று பொறுக்க முடியாது. முதலில் கோபம்தான் வந்தது, எதன் மீது என்று தெரியாத கோபம், தண்ணீர் மீது என்று வைத்துக்கொண்டேன், இன்னும் சூடு இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் ஒரு டிகிரி தப்பினால்கூட ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மாறும், மூன்று சதவீதம் மாறாது. ஆழம் தவறியிருக்குமோ. அறைக்குள் போய் அளவுகோலை வைத்துப் பார்த்தேன், பத்துதான். கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். மேலும் மூன்று முறை, அதே எண். மெஷின்தான் ஏறிவிட்டதா, பத்தொன்பது நாளில் மூன்று சதவீதமா, அப்படி ஏறினால் தினமும் காலையில் தவமணி வைக்கிற சின்னக் கருவியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்திருக்குமே, அதில் தினமும் நேர்க்கோடு, பென்சிலால் இழுத்த மாதிரி. அப்படியானால் மெஷின் மாறவில்லை. பத்தொன்பது நாளுக்கு முன்னால் நான் எங்கே கொண்டுவந்து நிறுத்தினேனோ அங்கேயேதான் நிற்கிறது. இந்த நினைப்பு வந்ததும் நான் எழுந்து போய் ஏசியின் எண்ணைப் பார்த்தேன், எதற்கு என்று தெரியவில்லை. திரும்பி வந்து பதிவேட்டில் பழைய பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்து. புதன்கிழமை. வெப்பம் இருபத்திரண்டு புள்ளி ஆறு. அழுத்தம் ஆயிரத்துப் பத்து. ஆயிரத்துப் பத்து என்று படித்தேன், அடுத்த வரிக்குப் போனேன், மறுபடி மேலே வந்தேன். திண்டுக்கல்லில் ஆயிரத்துப் பத்து வராது. புயல் அடித்தாலும் வராது, வெயில் அடித்தாலும் வராது. இந்த ஊர் கடலிலிருந்து இருநூற்றெழுபது மீட்டர் மேலே இருக்கிறது, இங்கே காற்று அந்த அளவுக்கு மெலிசு, தொள்ளாயிரத்து எழுபத்தைந்திலிருந்து எண்பத்தைந்துக்குள்தான் எப்போதும் நிற்கும். ஆயிரத்துப் பத்து என்பது செய்தியில் சொல்கிற காற்று. எல்லா ஊரும் கடற்கரையில் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று மாற்றிச் சொல்கிற எண். அதைப் போட்டால் சேம்பருக்குள் இல்லாத காற்றை இருப்பதாகக் கணக்குப் பண்ணுகிறோம் என்று அர்த்தம், மெஷின் குறைவாகக் கொடுப்பதாகத் தெரியும், குறைவாகக் கொடுக்கிறதே என்று நாம் ஏற்றிவிடுவோம். ஏற்றிவிட்டேன். இதை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். மதுரையில் ஒரு பயிற்சி வகுப்பில் முப்பது பேருக்கு முன்னால் நின்று, செல்போனில் பார்த்த அழுத்தத்தைப் போடாதீர்கள் என்று சொல்லி, சிரிப்புக்காக ஒரு கதையும் சொன்னேன். என்ன கதை என்று இப்போது ஞாபகம் வரவில்லை. சிரித்தார்கள்.

அந்தப் புதன்கிழமை என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும், யாராவது கேட்பார்கள், கேட்டால் வரிசையாக வர வேண்டும். மெஷினுக்குள் டோஸை எண்ணுகிற பாகம் போய்விட்டது, நான்கு நாள் மெஷின் நின்றது, முப்பத்தெட்டு நோயாளிகள் காத்திருந்தார்கள். கம்பெனி ஆள் வந்து புதுப் பாகம் மாட்டிவிட்டு மதியம் இரண்டு மணிக்கு, இனி உங்கள் வேலை மேடம் என்றுவிட்டுச் சாப்பிடப் போனார். புதுப் பாகம் என்பதால் முதலிலிருந்து அளந்து நிறுத்த வேண்டும், எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் அது சந்தேகமாகத் தெரியாது, தவமணியின் சின்னக் கருவியில் கோடும் அதற்குப் பிறகு புதிதாகத்தான் தொடங்கும். சரிபார்க்க இன்னொரு ஆள் இருந்திருக்க வேண்டும், இருந்தான், மே மாதம் மஸ்கட்டுக்குப் போய்விட்டான், அந்த இடம் காலி. காற்றழுத்தமானி சென்னையில். மூன்று நாற்பதுக்கு என் மகள் ஜெனிட்டாவின் மருத்துவக் கவுன்சிலிங் பட்டியல் வரும் என்று போட்டிருந்தார்கள். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்தேன், அதுதான் நடந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. பக்கம் திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது, சுற்றட்டும் என்று வானிலையைத் திறந்தேன், திண்டுக்கல், முப்பத்து மூன்று டிகிரி, காற்றழுத்தம் 1010, எழுதினேன். எழுதும்போது ஏதாவது உறுத்தியதா. உறுத்தியிருந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது, உறுத்தியும் செய்தேன் என்றால் நான் கெட்டவள், உறுத்தவே இல்லை என்றால் நான் யார். பிறகு பட்டியல் திறந்தது. இரண்டு மார்க். கடைசியாகச் சீட் கிடைத்த பிள்ளைக்கும் ஜெனிட்டாவுக்கும் இரண்டு மார்க். எழுநூற்றிருபதுக்கு இரண்டு மார்க் என்பது எத்தனை சதவீதம் என்று அந்த நேரத்திலும் மனசு கணக்குப் போட்டது, அரைக்கும் கீழே, கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்குப் போன் செய்தேன். ஜெனிட்டா, "பாத்துட்டேம்மா, நீங்க வேலைய முடிச்சிட்டு வாங்க" என்றாள். வேலையை முடித்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு நோயாளிகளை ஏற்றினார்கள்.

மறுநாள் வியாழன், வெள்ளி, இரண்டு. அடுத்த வாரம் ஐந்து, போன வாரம் ஐந்து. பன்னிரண்டு நாள். முப்பத்தெட்டுப் பேர். மூன்று சதவீதம் என்பது ஒன்றுமில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஒருவர் உடம்பு இளைத்தாலே அந்த அளவு மாறும், படுக்கையில் கொஞ்சம் நகர்ந்து படுத்தாலே மாறும். மார்பகத்துக்கு வருகிறவர்களுக்குத் தோல் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருக்கலாம், அதுவும் யாருக்கும் தெரியாது. மூன்று சதவீதத்தால் யாரும் சாக மாட்டார்கள். இந்த வாக்கியத்தை நான் மூன்று தரம் சொல்லிக்கொண்டேன், மூன்றாம் தரம் சொல்லும்போது அது சரியாக இருந்தும் பிடிக்கவில்லை. இருளப்பன் என்று ஒருவர், தொண்டை, வெள்ளிக்கிழமையோடு முப்பத்தைந்து நாளும் முடித்துவிட்டார், பஸ் கண்டக்டர், முடித்த அன்றைக்கு எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார், எனக்கும் ஒரு துண்டு காகிதத்தில் சுற்றி மேஜைக்கு வந்தது. கதிரைக் கிரேயில் அளப்போம், அவருக்கு எழுபது கிரேக்குப் பதில் எழுபது புள்ளி ஏழு போயிருக்கிறது. போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது, கொடுத்த கதிரைத் திரும்ப வாங்க ஒரு வழியும் கிடையாது. அடுத்து யார் என்று தெரியும், தெரிந்துதான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். பாண்டீஸ்வரி. முப்பத்தொரு வயது, வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை, மூளைத்தண்டை ஒட்டிக் கட்டி. மூளைத்தண்டு ஐம்பத்து நான்குக்கு மேல் தாங்காது என்று எல்லை வைத்திருக்கிறார்கள், மூச்சும் விழுங்குவதும் அந்த இடத்தில் இருக்கிறது. அவளுக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்ற பிளானை நான்தான் போட்டேன், ஒன்பது தரம் போட்டேன். ஐம்பத்து நாலரை வந்தது, ஐம்பத்து நான்கு புள்ளி ஒன்று வந்தது, கோணத்தை மாற்றி மாற்றி ஐம்பத்து மூன்று புள்ளி ஆறுக்குக் கொண்டுவந்து, அன்றைக்கு டீ குடிக்கப் போகும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது, யாரிடமும் சொல்ல முடியாத மாதிரியான பெருமை. அந்த அரைக் கிரேயை நானே திரும்பக் கொடுத்துவிட்டேன். தாளில் போட்டேன். இருபத்திரண்டு நாள் ஆகியிருக்கிறது, அதில் பன்னிரண்டு நாள் கூடுதல், மிச்ச எட்டு நாளை இப்படியே விட்டால் எங்கே போகும், இன்றைக்கே மெஷினை இறக்கினால் எங்கே நிற்கும். இறக்கினாலும் ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு. மிச்ச எட்டு நாளில் தினமும் கொஞ்சம் குறைத்தால் பழைய எண்ணுக்கே வரலாம். ஆனால் குறைக்க வேண்டுமென்றால் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், போட வேண்டுமென்றால் ஏன் என்று கேட்பார்.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. தவமணி. டிபன் டப்பாவை வைத்துவிட்டு வந்தவன் என் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பத்து வருஷமாகப் பட்டனை அழுத்துகிறவன், எண்ணைப் பார்த்தாலே புரியும். "கூடவா மேடம்?" என்றான். மூணு புள்ளி ஒண்ணு என்றேன், எப்படி என்பதையும் சொன்னேன். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ரேஷன் கடையில் என்ன வந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மெஷின் ஏறிருச்சுன்னு எழுதிருங்க மேடம். புதுப் பாகம், ஏறத்தான் செய்யும். யாரும் கேக்க மாட்டாங்க. இறக்கிட்டா முடிஞ்சுச்சு" என்றான். தினசரிக் கோடு நேராக இருக்கிறதே என்றேன். "அத யாரு எடுத்துப் பாக்கப் போறா?" யாரும் பார்க்கப் போவதில்லை, உண்மைதான். பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒரு வார்த்தை எழுதினால் போதும், இரண்டு நிமிட வேலை, எட்டு மணிக்கு எல்லாம் சரியாக ஓடும். என் விரல் கன்சோலின் மேல்தான் இருந்தது, அதைப் பொய் சொல்ல மாட்டேன், உள்நுழைகிற ரகசிய எண்ணில் பாதியை அழுத்தியும் விட்டேன். தவமணி மெதுவாகச் சொன்னான், "உங்களுக்காக மட்டும் சொல்லல. அந்தப் பாண்டீஸ்வரி வீட்டுக்காரர் போன வாரமே என்கிட்ட, நாட்டு வைத்தியம் பாக்கலாமான்னு கேட்டாரு. இத போய்ச் சொன்னீங்கன்னா கூட்டிட்டுப் போயிருவாரு. எட்டு நாள் மிச்சம் இருக்கு. பாதில விட்டா அது இதவிட மோசமில்லையா?" மோசம்தான். சொன்னால் அவள் நின்றுவிடலாம், சொல்லாவிட்டால் அவளுக்கு ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு. எது பெரியது என்று அளக்கிற சேம்பர் என்னிடம் கிடையாது. நான் சொல்ல நினைப்பது அவளுக்காகவா, இல்லை இதை வயிற்றில் வைத்துக்கொண்டு இன்னும் பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் ஓட்ட முடியாது என்பதற்காகவா. வேலை போகுமா. மும்பையில் இருக்கிற கதிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிக்கை போகும், அவர்கள் ஆள் அனுப்புவார்கள், சிறிய மருத்துவமனை, ஒரே ஒரு ஆள், ஏன் இன்னொரு ஆள் வைக்கவில்லை என்று நிர்வாகத்தைக் கேட்பார்கள், நிர்வாகம் என்னைக் கேட்கும். ஜெனிட்டா அடுத்த வருஷம் மறுபடி எழுதுகிறேன் என்கிறாள். இத்தனையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் ஒரு சின்ன விஷயம் தட்டுப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில் ஏறிவிட்டது என்று எழுதினால், எட்டு நாள் குறைப்பதற்குக் கையெழுத்துக் கேட்க முடியாது. எப்போதிலிருந்து ஏறியது, எவ்வளவு ஏறியது என்று இல்லாமல் எவ்வளவு குறைப்பது. மறைத்தால் அவளுக்குத் திருத்த முடியாது. அவ்வளவுதான் விஷயம். நல்லவள் கெட்டவள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. விரலை எடுத்துவிட்டேன்.

டாக்டர் நூருல் அமீன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் பிரஷர் குக்கர் விசில். மெஷின் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது சார் என்றேன். "எவ்ளோ?" மூணு புள்ளி ஒண்ணு. "எப்பலருந்து?" பாகம் மாத்துன நாள்லருந்து, பன்னெண்டு நாள். "யார் தப்பு?" என்னோடது சார், கடல்மட்டத்து அழுத்தத்தப் போட்டுட்டேன். குக்கர் இன்னொரு விசில் அடித்தது. யாரிடமோ, அடுப்ப அணைச்சிரு என்று சொன்னார். பிறகு, "பாண்டீஸ்வரி?" என்றார். நான் கணக்கைச் சொன்னேன். "மிச்சத்துல கழிக்க முடியுமா?" முடியும் சார், நீங்க கையெழுத்துப் போட்டா. "மெஷின இப்பத் தொடாதீங்க. நான் வந்து நின்னு பாக்குறேன், என் முன்னாடி இன்னொரு தடவ அளங்க, அப்புறம் இறக்கலாம். எட்டு மணி ஆளுங்கள உக்கார வைங்க." சரி சார். "சகாயராணி." சார். "உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு. அத அப்புறம் பேசிக்கலாம்." போனை வைத்துவிட்டார். கோபம் இருக்கிறது என்று அவர் சொன்னது எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது, பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

ஏழே முக்காலுக்கு வந்து நின்று பார்த்தார். அதே எண். இறக்கினேன், மறுபடி அளந்தேன், பூஜ்யம் புள்ளி இரண்டு. பாண்டீஸ்வரியின் புதுக் கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எல்லாருக்கும் நான் சொல்றேன். இந்தப் பொண்ணுக்கு மட்டும் நீங்களும் வாங்க" என்றார். வராந்தாவில் அவளும் அவள் கணவன் சுருளியும் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் மட்டும் பார்த்த தலை, முடி இருக்கிற இடத்தில் முடியும் கொட்டின இடத்தில் வழுக்கையுமாக, ஒரு மஞ்சள் துண்டைச் சுற்றி நேரில் இருந்தது. டாக்டர் சொல்ல ஆரம்பித்து, அளந்ததில் ஒரு தப்பு நடந்திருக்கிறது, கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கிறது, மிச்ச நாளில் குறைத்து நேர் பண்ணிவிடுவோம் என்றார். தப்பு என்னுடையது என்று நான் சொன்னேன். பாண்டீஸ்வரி என்னைப் பார்த்தாள். "நீங்க டாக்டரா?" இல்லம்மா, மெஷின் எவ்வளவு குடுக்குதுன்னு அளக்குறவ. "இத்தன நாளா உங்களப் பாத்ததே இல்லியே." நான் உள்ளதான் இருப்பேன் என்றேன். சுருளி எழுந்துவிட்டான். "அளக்கத் தெரியாதவங்க எதுக்குங்க இங்க இருக்கீங்க? இனிமே எத நம்பி இவள உள்ள அனுப்புறது?" அவன் கேட்டது சரியான கேள்வி. பாண்டீஸ்வரி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். என்னிடம், "போன வாரம் ரெண்டு நாளு தல சுத்துச்சு. அதனாலயா?" என்றாள். அதனால் இல்லை என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. மூன்று சதவீதத்துக்குத் தலை சுற்றாது, கட்டிக்கே சுற்றும், சாப்பிடாவிட்டாலும் சுற்றும். "தெரியலம்மா. அதனாலன்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல" என்றேன். அவள் அதை யோசித்தாள். வேறு யாரிடமும் கேட்காமல் தனக்குள்ளேயே எதையோ கூட்டிக் கழிக்கிற முகம், மில்லில் இழை அறுந்ததும் எந்த உருளையில் என்று தேடுகிறவர்கள் இப்படித்தான் பார்ப்பார்களோ என்னவோ. "கணக்குச் சரியாயிருச்சுல்ல இப்ப?" சரியாயிருச்சு, டாக்டர் முன்னாடியே அளந்தேன். "எட்டு நாளுதான இருக்கு" என்று புருஷனிடம் சொன்னாள், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினாள், காதுத் தோட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள், தினமும் செய்கிற வரிசை போலிருக்கிறது. உள்கதவு வரைக்கும் போனவள் நின்று, "நீங்களும் உள்ள வருவீங்களா?" என்று கேட்டாள். உள்ள யாரும் இருக்க முடியாதும்மா, கதவுக்கு வெளிய இருப்பேன், டிவில உன்னப் பாத்துக்கிட்டே இருப்பேன் என்றேன். "சரி. எங்கயும் போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு, தவமணி நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.